பதினாறு வரிசைக்குள் ‘தோசை’: எல்.இ.டி பலகைக்குப் புள்ளி எழுத்துரு வரைந்த அனுபவம்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரியப்பாவின் மெஸ் வாசலில் ‘பொங்கல்’ என்ற சொல் சிவப்பு விளக்குகளில் அசையாமல் நின்றது. எதிர்ப்புறம் பேருந்துக்குக் காத்திருந்தவர் அங்கிருந்தே படித்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார். அந்த ஒரு சொல்லுக்கு நான்கு மாத இரவுகள் ஆயின. வயரிங், மின்சாரம் எல்லாம் இரண்டு வாரத்தில் முடிந்த வேலை. மீதி முழுக்க எழுத்து வரைந்த நேரம்தான்.

பெரியப்பா முதலில் கேட்டது சின்ன விஷயம். கடைத்தெருவில் எல்லார் வாசலிலும் ஓடும் எல்.இ.டி பலகை போல ஒன்று வேண்டும், ஆனால் தமிழில். கடையில் விற்கும் ரெடிமேட் கட்டுப்பாட்டுப் பலகையில் தமிழும் வரும். கணினியில் தமிழைப் படமாக மாற்றி ஏற்றுவார்கள். ஆனால் ‘வடை தீர்ந்தது’ என்று நடுவில் மாற்ற ஒவ்வொரு முறையும் கணினியைத் திறக்க வேண்டும். “நான் போன்ல அடிச்சா அது போர்டுல வரணும்ப்பா, அவ்வளவுதான்” என்றார். அதாவது பலகைக்குள்ளேயே தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும்.

வாங்கியவை: பி10 சிவப்புப் பேனல் மூன்று, ஒன்று 380 ரூபாய். ஒரு பேனலில் 32 கட்டம் அகலம், 16 வரிசை உயரம். விளக்குக்கு விளக்கு 10 மில்லிமீட்டர். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 96 கட்டம், 96 சென்டிமீட்டர் நீளம். 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கி 480 ரூபாய். பலகையை இயக்கும் சின்னக் கணினியான இஎஸ்பி32 போர்டு 420. அலுமினியச் சட்டமும் முன்பக்க அக்ரிலிக் தகடும் 650. சில்லறைச் சாமான்கள் 90. மொத்தம் 2,780 ரூபாய். பேனல்களை மட்டும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன், மற்றதெல்லாம் உள்ளூரிலேயே.

முதல் தவறு உயரத்தில் நடந்தது. பழைய ஆர்கேட் விளையாட்டுகளின் எழுத்து எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்கும். 8க்கு 8 கட்டத்துக்குள் ஒவ்வொரு எழுத்தும் ஒரு செங்கல் மாதிரி உட்காரும். நாம்கோ நிறுவனத்தின் 1980களின் விளையாட்டுகளில் பார்த்த அந்த வடிவத்தை அடியொற்றி வந்ததுதான் இன்று எல்லா இடத்திலும் தென்படும் ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ எழுத்துரு. அதைப் போலவே தமிழை 8 வரிசையில் எழுதிவிட்டால் பலகையில் இரண்டு வரி வைக்கலாமே என்று நினைத்தேன். ஒரு கிராஃப் நோட்டு வாங்கி மூன்று இரவு வரைந்தேன். ப, ட, ம வந்தன. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு மேலேயும் கீழேயும் எதுவும் தொங்குவதில்லை, அதனால் 7 வரிசை போதும். தமிழுக்கு மேலே புள்ளி வேண்டும், இகர ஈகாரக் கொக்கி வேண்டும். கீழே உகர ஊகாரம் தொங்க வேண்டும். மேலே 2, கீழே 2 விட்டால் எழுத்தின் உடம்புக்கு மிஞ்சுவது 4 வரிசை. அதில் ஒரு சுழிகூடப் போட முடியாது. சுழிக்குக் குறைந்தது 3க்கு 3 கட்டமும் நடுவில் ஒரு இருட்டும் வேண்டும். ‘ண’வில் மூன்று சுழி. ‘மூ’வை எங்கே வைப்பது? நோட்டின் முதல் இருபது பக்கங்களைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன், யாராவது 8 வரிசையில் முயல நினைத்தால் காட்டுவதற்காக.

இரண்டாவது தவறு சோம்பலால் வந்தது. நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றைக் கணினியில் 16 பிக்சலுக்குச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கி அப்படியே ஏற்றினேன். மெல்லிய கோடு சில இடங்களில் காணாமல் போனது, வளைவு சில இடங்களில் இரட்டைத் தடிமனாக வந்தது. ‘க’ ஒரு சொல்லில் ஒரு மாதிரியும் அடுத்த சொல்லில் வேறு மாதிரியும் நின்றது. வளைகோடாகப் பிறந்த எழுத்தைச் சுருக்கினால் கட்டங்களால் ஆன புள்ளி எழுத்து கிடைக்காது. கட்டத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விளக்காக யோசித்தால்தான் கிடைக்கும். 1984இல் ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினி வந்தபோது வடிவமைப்பாளர் சூசன் கேர் வரைந்த ‘சிகாகோ’ எழுத்து இன்றும் கண்ணுக்கு அழகாக இருப்பதற்கு அதுதான் காரணம். 512க்கு 342 புள்ளி, கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறம் கொண்ட திரைக்காக, அந்தத் திரையின் புள்ளிகளிலேயே வரையப்பட்டது. செங்குத்துக் கோடெல்லாம் இரண்டு பிக்சல் தடிமன். 2001இல் வந்த முதல் ஐபாடிலும் அதையே வைத்தார்கள்.

யூனிபாண்ட் என்ற கட்டற்ற எழுத்துருவில் 16 வரிசையில் தமிழ் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு குறியீட்டெண்ணுக்கு ஒரு படம் என்ற கணக்கு. ‘டு’ என்று எழுதினால் ‘ட’ தனி, உகரக் குறி தனி, இரண்டும் ஒட்டி ஒரே எழுத்தாக வராது. அதனால் சொந்தமாக வரையவே தீர்மானித்தேன்.

16 வரிசையைப் பங்கு போட்டதுதான் இந்த வேலையிலேயே முக்கியமான முடிவு. மேலே 3, உடம்புக்கு 9, கீழே 4. இதை முதல் நாளே கிராஃப் நோட்டில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொண்டேன், கடைசி வரை மாற்றவில்லை. கோட்டின் தடிமன் ஒரு கட்டம், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டு கட்டம். ஒரு கட்ட இடைவெளி நோட்டில் நன்றாகத்தான் தெரியும். எரியும் விளக்கில் வெளிச்சம் பரவி அந்த இருட்டை விழுங்கிவிடும்.

பிறகு என்னென்ன வரைய வேண்டும் என்று எண்ணினேன். தமிழில் 247 எழுத்து, ஆனால் 247 படம் தேவையில்லை. உயிரில் 11 போதும், ‘ஔ’வை ‘ஒ’, ‘ள’ இரண்டையும் சேர்த்து நிறுத்தலாம். அகரமேறிய மெய் 18. உகரமும் ஊகாரமும் ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு விதமாக ஒட்டும். கு, சு, டு, மு, ரு எதுவும் ஒன்றுபோல் இல்லை. அதனால் அந்த 36ஐயும் தனியாகவே வரைய வேண்டும். கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று குறிகள் 4. ஆய்தம் 1. இகர ஈகாரத்தை மட்டும் முதலில் ஒரே கொக்கியாக வரைந்து எல்லா எழுத்திலும் ஒட்டவைக்கப் பார்த்தேன். ‘பி’ சரியாக வந்தது, ‘கி’யில் கொக்கி காற்றில் நின்றது, ‘டி’க்குப் பொருந்தவே இல்லை. அதையும் கைவிட்டு 36 படம் வரைந்தேன். ஜ, ஷ, ஸ, ஹ வகைக்கு 14. எண்கள் 10, நிறுத்தக்குறியும் ரூபாய்க் குறியும் சேர்த்து 8. ஆக 138.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுப் 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் லை, ளை, னை, ணை நான்குக்கும் யானைத் துதிக்கை மாதிரி மேலே சுருளும் வடிவம். ணா, றா, னாவுக்கும் தனிச் சுருள். அந்தப் பழைய ‘லை’யை 16 வரிசையில் வரைந்து பார்த்தேன். துதிக்கை மேல் மூன்று வரிசையையும் நிரப்பி, பக்கத்து எழுத்தின் புள்ளியில் முட்டியது. அந்த வடிவத்தின் மேல் எனக்குப் பிரியம் உண்டு, தாத்தாவின் கடிதங்களெல்லாம் அப்படித்தான் இருக்கும். பலகையில் வைக்க மட்டும் வழியில்லை.

வரைந்ததைக் கணினியில் ஏற்ற எந்த மென்பொருளையும் நம்பவில்லை. ஒரு எழுத்துக்கு ஒரு உரைக்கோப்பு, எரியும் விளக்குக்கு 1, அணைந்ததற்கு 0. பைத்தான் நிரல்மொழியில் முப்பது வரி எழுதி எல்லாவற்றையும் எண்களாக மாற்றினேன். எழுத்துக்கு அதிகபட்சம் 24 கட்டம் அகலம் என்று வைத்தால் 48 பைட், 138க்கும் சேர்த்து 6,624 பைட். இஎஸ்பி32க்கு இது ஒரு பொருட்டே அல்ல.

முதன்முதலாகப் ‘பொங்கல்’ என்று அனுப்பியபோது, பகரம் முன்னால் நிற்க, கொம்பும் காலும் அதன் பின்னால் சேர்ந்து நின்றன. எழுத்துகளுக்கு எண் தரும் பொதுமுறையான யூனிகோடில் தமிழ் உச்சரிக்கும் வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது: முதலில் ப, பிறகு ஒகரக் குறி. நாம் எழுதும்போது கொம்பு முன்னால் வரும், கால் பின்னால் வரும். செல்பேசியில் இந்த இடமாற்றத்தை யாரோ நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள், இந்தச் சின்ன சிப்பில் நாமேதான் செய்ய வேண்டும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாக வரும். ‘க’ என்றால் 224, 174, 149. மூன்றையும் சேர்த்து 2965 என்று மாற்றி, அடுத்து வருவது 3014, 3015, 3016 ஆகிய கொம்புகளில் ஒன்றா என்று பார்த்து, ஆமென்றால் அதை முன்னால் தள்ள வேண்டும். 3018 ஒகரம் என்றால் இரண்டாக உடைத்து ஒற்றைக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். ஒகரம் ஒரே குறியாகவும் வரலாம், கொம்பும் காலுமாகத் தனித்தனியாகவும் வரலாம். இரண்டு விதத்தையும் கையாளாததால் ஒரு வாரம் ‘பொரியல்’ சில நேரம் சரியாகவும் சில நேரம் தப்பாகவும் வந்துகொண்டிருந்தது.

வயரிங்கில் ஒரே ஒரு சிக்கல். மேஜையில் ஒரு சாண் கேபிளில் நன்றாக ஓடியது, வாசலில் மாட்டி 60 சென்டிமீட்டர் கேபிள் போட்டதும் விளக்குகள் கண்டபடி துடித்தன. பேனலுக்குள் இருக்கும் 74எச்சி வகைச் சிப்புகள் 5 வோல்ட்டில் ஓடும்போது ‘ஆன்’ என்று ஏற்க 3.5 வோல்ட் வேண்டும். இஎஸ்பி32 தருவது 3.3 மட்டுமே. நடுவில் மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் 74எச்சிடி245 சிப் ஒன்று போட்டேன், அதற்கு 2 வோல்ட் போதும். சிப் விலை 25 ரூபாய். துடிப்பு நின்றது. மின்சாரத்தை அளந்தபோது எல்லா விளக்கும் எரிந்தால் மூன்று பேனலுக்கும் 7.5 ஆம்பியர், வெறும் எழுத்துக்கு 2 ஆம்பியருக்கும் கீழே.

இனிதான் நான் அதிகம் கற்றுக்கொண்ட பகுதி.

முதல் பதிப்பில் புள்ளிக்கு ஒரே ஒரு விளக்கு வைத்திருந்தேன். வீட்டுக்குள் பத்தடியில் பார்த்தால் அழகாக இருந்தது, ஆர்கேட் எழுத்தின் கூர்மை அப்படியே. வாசலில் மாட்டி எதிர்ப்பக்கம் போய் நின்றால் புள்ளி கரைந்துவிட்டது. ‘பொங்கல்’ அங்கிருந்து ‘பொஙகல’. அதைவிட மோசமானது மறுநாள் நடந்தது. நடுப்பேனலில் மேலிருந்து இரண்டாவது வரிசையில் ஒரு விளக்கு செத்துப்போனது. ‘இட்லி’யை நடுவில் நிறுத்தினால் ‘ட்’டின் புள்ளி மிகச்சரியாக அந்த விளக்கில் விழுந்தது. காலை முழுவதும் பலகை ‘இடலி’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1,536 விளக்கில் ஒன்று போனால் ஆங்கிலத்தில் யாருக்கும் தெரியாது. தமிழில் அந்த ஒன்று ஒரு எழுத்தையே மாற்றிவிடும்.

ஓலையில் எழுதியவர்கள் ஓலை கிழியும் என்று பல நேரம் புள்ளியே வைப்பதில்லை. படிப்பவர் இடம் பார்த்து, பொருள் பார்த்துச் சேர்த்துக்கொள்வார். அவருக்கு நேரம் இருந்தது. பைக்கில் போகிறவருக்கு இரண்டு நொடிதான் இருக்கிறது.

அதனால் புள்ளியை 2க்கு 2ஆக, நான்கு விளக்காக ஆக்கினேன். புள்ளி வரும் எழுத்தில் முதல் இரண்டு வரிசை புள்ளிக்கு, மூன்றாவது எப்போதும் இருட்டு. உடனே இன்னொரு பிரச்சினை வந்தது. ‘ப’ அதுவரை 7 கட்டம் அகலம். இரண்டு கட்டப் புள்ளியை 7இன் நடுவில் வைக்கவே முடியாது, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். கண் அதை உடனே கண்டுபிடித்துவிடுகிறது. எனவே மெய்கள் எல்லாவற்றையும் இரட்டைப்படை அகலத்துக்கு மாற்றி மறுபடி வரைந்தேன். இப்போது ‘ப்’ இப்படி நிற்கிறது, கீழ் நான்கு வெற்று வரிசையை விட்டுவிட்டுக் காட்டுகிறேன்:

□□□■■□□□
□□□■■□□□
□□□□□□□□
■□□□□□□■
■□□□□□□■
■□□□□□□■
■□□□□□□■
■□□□□□□■
■□□□□□□■
■□□□□□□■
■□□□□□□■
■■■■■■■■

அந்த மூன்றாவது வரிசையின் இருட்டில் கை வைக்கக் கூடாது. அதை நிரப்பினால் ‘ங்’, ‘ஞ்’ போன்ற மேலே கிடைக்கோடு உள்ள எழுத்துகளில் புள்ளி உடம்போடு ஒட்டி ஒரு கொம்பு முளைத்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது கொம்பு. ஒரு நாள் மாலை பெரியப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “ஏம்ப்பா, தோசை தொசைன்னு நிக்குது பாரு.” கிட்டே போனால் இரட்டைக் கொம்பு சரியாகத்தான் இருந்தது. தூரத்தில் மேல்சுழியும் கீழ்ச்சுழியும் கலந்து ஒரே குமிழாகிவிட்டன. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவ வேறுபாடு வைத்தவர் வீரமாமுனிவர் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அவர் செய்தது காகிதத்தில் ஒரு சின்னச் சுழி. எனக்கு அது 9 வரிசைக்குள் இரண்டு சுழி, இரண்டு இருட்டு. ஐந்து விதமாக வரைந்து பார்த்தேன். சுழியைச் சிறிதாக்கினேன், பெரிதாக்கினேன், ஒரு பக்கம் திறந்துவிட்டேன். எதுவும் சாலைக்கு அந்தப்புறம் போய்ச் சேரவில்லை. கடைசியில் மேல்சுழியை உடம்பிலிருந்து வெளியே தூக்கி, புள்ளிக்கென்று ஒதுக்கிய மேல்பகுதியில் இரண்டு வரிசை நீட்டினேன். இப்போது ‘ே’ எழுத்துவரிசைக்கு மேலே தலை நீட்டி நிற்கிறது, ‘ெ’ அடங்கி நிற்கிறது. உள்ளே இருக்கும் சுழியைப் படிக்க வேண்டியதே இல்லை, உயரத்தைப் பார்த்தாலே போதும்.

இந்தச் சூத்திரம் பிடிபட்டதும் மற்றவையும் வரிசையாகச் சரியாயின. ‘ர’வுக்கும் காலுக்கும் வித்தியாசம் அடியிலிருக்கும் சாய்கோடு மட்டுமே. அதை உடம்புக்குக் கீழே இரண்டு வரிசை இறக்கிவிட்டேன். ‘எ’வும் ‘ஏ’வும் அதே வழி. ‘ன’வையும் ‘ண’வையும் அகலத்தால் பிரித்தேன், ஒன்று 14 கட்டம், மற்றது 18. உள்சுழிகள் மங்கினாலும் நீளம் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தின் வேறுபாட்டை உள்ளே வைக்காமல் வெளி உருவத்தில் வைக்க வேண்டும் என்பதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

விடியற்காலை இருட்டில் வெளிச்சம் அதிகமாகி, சுழிகள் மறுபடி அடைத்துக்கொண்டன. அதற்கு எழுத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. சூரியன் வரும்வரை விளக்கின் பிரகாசத்தை முப்பது சதவீதத்துக்குக் குறைத்தேன், தெளிந்துவிட்டது.

எதிர்பாராமல் இந்த எழுத்துரு இன்னொரு வேலைக்கும் வந்தது. மெஸ்ஸில் டோக்கன் அடிக்க 58 மில்லிமீட்டர் தெர்மல் பிரின்டர் இருக்கிறது, ஒரு வரிக்கு 384 புள்ளி, மில்லிமீட்டருக்கு 8. அதற்குள் தமிழ் கிடையாது, படமாக அனுப்பினால் அச்சடிக்கும். என் 16 வரிசை எழுத்தை மும்மடங்காக்கி அனுப்பினேன். 6 மில்லிமீட்டர் உயரத்தில் ‘தோசை 2’ என்று கட்டங்கட்டமாக, கறுப்பாக விழுந்தது. அடுப்படியில் அக்கா கண்ணாடி போடாமலே படிக்கிறார். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில் பெருக்கினால்தான் இந்த அழகு நிற்கும். ஒன்றரை மடங்கு வைத்தால் சில கோடு ஒரு புள்ளி, சில கோடு இரண்டு புள்ளி என்று ஆகி, கட்டத்தின் ஒழுங்கே போய்விடும். நீளமான பத்திக்கும் இதை வைக்கக் கூடாது. விலைப்பட்டியலின் கீழ் நான்கு வரி அறிவிப்பு அடித்துப் பார்த்தேன், இரண்டாவது வரியிலேயே கண் வலித்தது. பெயருக்கு, எண்ணுக்கு, ஒற்றைச் சொல்லுக்கு ஏற்ற எழுத்து இது.

அடுத்த முறை செய்தால் முதல் பத்து எழுத்தோடு பேனலை வாசலில் மாட்டிவிட்டுத்தான் பதினோராவதை வரைவேன். நோட்டில் பார்த்துத் திருத்தியதில் பாதிக்கு மேல் வீணானது. அதோடு முதல் எழுத்துக்கு முன்பே எளிதில் குழம்பும் ஜோடிகளை எழுதி வைத்துக்கொள்வேன்: தொ–தோ, ர–ா, ன–ண, எ–ஏ, க–க். உதிரி பேனலும் ஒன்று சேர்த்து வாங்குவேன். சிலிகான் பசையில் புதைந்த விளக்கை ஒற்றையாக மாற்ற முயன்று பக்கத்து இரண்டையும் கெடுத்துக்கொண்டேன், கடைசியில் முழுப் பேனலையே மாற்ற 380 ரூபாய் கூடுதலாக ஆனது.

பாக்கி இருப்பது ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும். இதற்கிடையில் ‘ஞாயிறு விடுமுறை’ என்று நிறுத்தி வைக்க முடியுமா என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். 96 கட்டத்துக்குள் இரண்டு சொல்லும் ஒன்றாக நிற்காது, மாறி மாறித்தான் காட்ட வேண்டும். ‘ஞ’ இப்போது 20 கட்டம் அகலம். அதன் வயிற்றில் இரண்டு கட்டம் குறைக்க முடியுமா என்று நோட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.